நாலாய் மடித்த பத்து ரூபாய்

அப்பாயி இறந்து கருமாதி முடிந்த மறுநாள்தான் அவருடைய ட்ரங்குப் பெட்டியைத் திறந்தோம். வலங்கைமான் பக்கத்தில் எங்கள் பழைய ஓட்டு வீடு. ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது, முற்றத்தில் தண்ணீர் தேங்கியிருந்தது. பெட்டியில் மேலே ஒரு கூறைப்புடவை, அதற்குக் கீழே நிலப் பத்திரங்கள், கிஸ்தி என்ற நிலவரி கட்டிய ரசீதுகள், அடியில் வெள்ளைத் துணியில் சுற்றிய தாத்தாவின் கணக்குப் பேரேடு. பேரேட்டைப் புரட்டினால் நெல் கணக்கு எழுதிய ஒரு பக்கத்தில் நாலாய் மடித்த காகிதம் ஒன்று இருந்தது. விரித்தேன். பத்து ரூபாய் நோட்டு. தாடி வைத்த ராஜா ஒருவர் அதில் இருந்தார்.

எனக்கு அப்போது 14 வயது. “செல்லாத நோட்டுடா, நீயே வச்சுக்க” என்றார் அப்பா. அதை எப்படியாவது காப்பாற்றிவிட வேண்டும் என்ற ஆசையில் அடுத்த வாரமே கும்பகோணம் போய், ஒரு கடையில் கொடுத்து லேமினேஷன் செய்துகொண்டு வந்தேன். சூட்டில் பிளாஸ்டிக் காகிதத்தோடு ஒன்றிப்போனது. இனி அதைப் பிரிக்க முடியாது. சேகரிப்பவர்களிடம் காட்டினால் கையில்கூட வாங்க மாட்டார்கள். அதன் மூலையில் ஒரு சுண்ணாம்புக் கறை உண்டு. தாத்தா வெற்றிலை போட்ட விரலோடு எடுத்திருக்க வேண்டும். அந்தக் கறையும் பிளாஸ்டிக்குக்குள் அப்படியே இருக்கிறது. நோட்டுகளைப் பற்றி நான் கற்றுக்கொண்டதெல்லாம் அந்த ஒரு நோட்டைப் புரிந்துகொள்ளப் போய்க் கற்றுக்கொண்டதுதான்.

முதலில் என்னைக் குழப்பியது ஆண்டு. காசென்றால் அதில் வருஷம் போட்டிருக்கும். நோட்டை எப்படித் திருப்பிப் பார்த்தாலும் வருஷம் அகப்படவில்லை. பல காலம் கழித்துத்தான் தெரிந்தது, இந்த வரிசையில் காலத்தைச் சொல்வது கையெழுத்து. ஐந்தாம் ஜார்ஜ் படம் போட்ட முறையான வரிசை 1923 மே மாதம் பத்து ரூபாய் நோட்டோடு தொடங்கியது. டென்னிங், டெய்லர், கெல்லி என்று கையெழுத்துகள் மாறி மாறி வரும். என் தாத்தாவின் நோட்டில் இருப்பது கெல்லி, அதாவது 1930களின் நடுப்பகுதி. காவிரி டெல்டாவில் நெல் விலை விழுந்து, நிலம் வைத்திருந்த மிராசுதார்கள்கூடக் கிஸ்தி கட்டத் திணறிய காலம் அது.

இவர்களில் டெய்லர் கதை எனக்குப் பிடித்தது. ஜேம்ஸ் டெய்லர் முதலில் இந்திய அரசின் கரன்சி கட்டுப்பாட்டாளர். அந்தப் பதவியில் ஐந்தாம் ஜார்ஜ் நோட்டுகளில் கையெழுத்திட்டார். 1935 ஏப்ரல் 1 அன்று ரிசர்வ் வங்கி தொடங்கியது. அதன் முதல் கவர்னர் ஆஸ்பர்ன் ஸ்மித் ஒரு நோட்டில்கூடக் கையெழுத்திடாமலே போய்விட்டார். இரண்டாவது கவர்னராக வந்தவர் இதே டெய்லர். 1938இல் ரிசர்வ் வங்கி தன் முதல் நோட்டாக ஆறாம் ஜார்ஜ் படம் போட்ட ஐந்து ரூபாயை வெளியிட்டபோது அதில் இருந்தது அவர் கையெழுத்து. அரசாங்க நோட்டு ஒன்றையும் வங்கி நோட்டு ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அந்த ஒரே கையெழுத்தைப் பார்த்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வாக்கு கொடுக்கும் ஆள் மாறிவிட்டது, எழுதிய கை மாறவில்லை.

வாக்கு என்று சொல்லக் காரணம் இருக்கிறது. நோட்டின் நடுவில் ஆங்கிலத்தில் எழுதியிருப்பது ஒரு வாக்குறுதி: இதைக் கொண்டுவருபவர் கேட்டவுடன் இத்தனை ரூபாய் தருகிறேன். ரூபாய் என்றால் இங்கே வெள்ளி ரூபாய், ஒரு தோலா எடை, பன்னிரண்டு கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. காகிதம் அந்த வெள்ளிக்கான சீட்டு மட்டுமே. ஆகவே நோட்டை எடுத்தவுடன் நான் கேட்கும் கேள்விகள் எப்போதும் இவைதான்: யார் வாக்குக் கொடுக்கிறார், யாருக்கு, எந்த ஊரில் நிறைவேற்றுவார்? இந்த மூன்றாவது கேள்விக்கு உள்ள பதில், காலனிக் கால நோட்டுகளில் நாம் எதிர்பார்க்கிற மாதிரி இருக்காது.

1861க்கு முன்னால் நோட்டு வெளியிட்டவை வங்கிகள். வங்காள வங்கி, பம்பாய் வங்கி, நம் பக்கத்தில் 1843இல் ஏற்பட்ட மதராஸ் வங்கி. 1861ஆம் ஆண்டின் காகிதப் பணச் சட்டம் அந்த உரிமையை அரசாங்கத்துக்கு மட்டும் ஆக்கியது. அப்போது வந்த முதல் நோட்டுகளில் விக்டோரியா ராணியின் படம் சின்னதாக இருக்கும். ஒரு பக்கம் மட்டுமே அச்சு, பின்பக்கம் வெறும் வெள்ளை. கள்ள நோட்டு பெருகியதால் அதை நிறுத்திவிட்டு 1867இல் வேறு வரிசை கொண்டுவந்தார்கள். அதில் ராணி கிடையாது. எழுத்துகளுக்கு அடியில் பச்சை நிறத்தில் பின்னல் கோலம், தாளுக்குள் அலையலையாய், வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும் நீர்க்குறி. மக்கள் கேட்டுக்கொண்டதால் ஐந்து ரூபாய் நோட்டு சேர்ந்ததும் இந்த வரிசையில்தான்.

இந்தப் பழைய நோட்டுகள் நாடு முழுவதும் செல்லவில்லை. நாட்டைக் கரன்சி வட்டங்களாகப் பிரித்திருந்தார்கள். சென்னை வட்டத்து நோட்டைச் சென்னை வட்டத்தில்தான் உரிமையோடு வெள்ளியாக மாற்றலாம். சென்னைக்குக் கீழே துணை அலுவலகங்கள் இருந்தன, டெல்டாவின் வாசலில் இருக்கும் திருச்சிராப்பள்ளியிலும் ஒன்று. கல்கத்தா நோட்டை இங்கே கொண்டுவந்தால் வாங்குகிறவர் கொஞ்சம் கழித்துக்கொண்டுதான் வாங்குவார். அப்படிக் கழிப்பதற்கும் தமிழில் வட்டம் என்றுதான் பெயர். அரசாங்கத்தின் வட்டம் ஒன்று, செட்டியார் கடை வட்டம் இன்னொன்று! நோட்டில் இருந்த மொழிகளும் வட்டத்துக்கு வட்டம் மாறின. பச்சை வரிசையில் நான்கு மொழிப் பட்டைகள், அதற்குப் பின் வந்த சிவப்பு வரிசையில் எட்டு. 1903இல் ஐந்து ரூபாய், 1910இல் பத்தும் ஐம்பதும், 1911இல் நூறு ரூபாய் என்று ஒவ்வொன்றாக எங்கும் செல்லும்படி ஆக்கினார்கள். என் தாத்தா நோட்டு அந்த மாற்றத்துக்குப் பிறகு பிறந்தது. அதை எந்த வெளியீட்டு அலுவலகத்திலும் கொடுக்கலாம்.

ஆனால் அவர் கொடுக்கவில்லையே. ஏன் பேரேட்டுக்குள் வைத்தார் என்பதற்குப் பதில் பேரேட்டிலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். பக்கம் பக்கமாகக் கலம், மரக்கால், படி. கூலி நெல், வண்ணார் நெல், கோயில் நெல் எல்லாம் அளவையில்தான். ரூபாயைக் குறிக்கும் ௹ எழுத்து எங்கோ ஒரு வரியில் வரும்: கிஸ்தி, கோர்ட்டுச் செலவு, ஒரு கல்யாணத்துக்கு நகை. களத்து மேட்டில் அறுவடை முடிந்ததும் கூலியை மரக்காலில் அளந்து போட்ட ஊர் இது. இங்கே நோட்டு என்பது அரசாங்கத்தோடும் வக்கீலோடும் பேசுவதற்கான ஒரு மொழி. டெல்டாவில் இன்றைக்குக் கிடைக்கும் காலனிக் கால நோட்டுகள் பெரும்பாலும் மிராசு வீட்டிலிருந்தோ வியாபாரி வீட்டிலிருந்தோ வருவதற்கும் இதுதான் காரணம். வயலில் இறங்கி வேலை செய்தவர்கள் வீட்டிலிருந்து ஒரு ஜார்ஜ் நோட்டு வந்து நான் பார்த்ததில்லை. பரம்பரைச் சொத்து என்று இந்த நோட்டுகளைப் பெருமையாகப் பேசும்போது அந்த மரக்கால் நினைவும் கூடவே இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம்.

பாதி நோட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். தபாலில் பணம் அனுப்புவது பயம் நிறைந்த காரியமாக இருந்த காலத்தில் வியாபாரிகள் நோட்டை இரண்டாக வெட்டுவார்கள். ஒரு பாதி முதல் தபாலில் போகும். கிடைத்தது என்று பதில் வந்தபிறகு மறு பாதி போகும். பெற்றுக்கொண்டவர் இரண்டையும் ஒட்டி மாற்றிக்கொள்வார். வழியில் ஒரு பாதியைத் திருடியவனுக்கு அது வெறும் தாள். பச்சை வரிசை நோட்டுகளில் நடுவில் நேர்கோடாக ஒரு வெட்டும், பின்னால் மெல்லிய தாள் ஒட்டிய தடமும் இருந்தால் அது பெரும்பாலும் இந்தப் பயணத்தின் அடையாளம். நான் ஒரு கண்காட்சியில் பார்த்த பத்து ரூபாயில் இரண்டு பாதிகளும் வேறு வேறு பழுப்பில் இருந்தன. ஒரு பாதி எங்கோ காத்துக்கிடந்திருக்கிறது. விற்பவர் அதை “டேமேஜ்” என்று விலை குறைத்துச் சொன்னார். எனக்கு அந்த மேசையிலேயே அதுதான் சிறந்த நோட்டு. கையில் பணம் இல்லாததால் வாங்க முடியவில்லை. இன்றும் அந்த வருத்தம் போகவில்லை.

ஒரு ரூபாய் நோட்டு வந்த கதையும் வெள்ளியின் கதைதான். முதல் உலகப் போரில் வெள்ளி விலை ஏறியது, காசு அடிக்க வெள்ளி போதவில்லை. 1917 நவம்பர் 30 அன்று ஒரு ரூபாயைக் காகிதத்தில் வெளியிட்டார்கள். அதன் பின்னால் இரண்டு ரூபாய் எட்டணா என்று ஒரு நோட்டு வந்தது, இரண்டரை ரூபாய்க்கு! ஐந்தாம் ஜார்ஜின் தலை முதலில் வந்தது இந்தச் சின்ன நோட்டுகளில்தான். மக்கள் காகிதத்தை நம்பாமல் வெள்ளி கேட்டு அலுவலகங்களில் நெருக்கியபோது, 1918இல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டுத் தன் கையிருப்பு வெள்ளி டாலர்களை உருக்கி இந்தியாவுக்கு விற்றது. அந்த அளவு 20 கோடி அவுன்சு. ஒரு காகிதத்தில் எழுதிய வாக்கைக் காப்பாற்ற இவ்வளவு தூரம் போக வேண்டியிருந்தது. செலவுக்குக் கட்டுப்படியாகவில்லை என்று 1926 ஜனவரி 1 முதல் இந்தச் சின்ன நோட்டுகளை நிறுத்திவிட்டார்கள். இரண்டரை ரூபாய் நோட்டு மறுபடி வரவே இல்லை. அதனால்தான் இன்று அது நல்ல நிலையில் இருந்தால் லட்சங்களில் போகிறது.

ஒரு ரூபாய் நோட்டு மட்டும் இரண்டாம் உலகப் போரில் திரும்பி வந்தது. மறுபடியும் வெள்ளித் தட்டுப்பாடு, மறுபடியும் ஜனங்கள் வெள்ளியைப் பதுக்கினார்கள். எங்கள் ஊரில் அடுப்படிக்குக் கீழே புதைத்தவர்கள் உண்டு என்று அப்பாயி சொல்வார். 1940இல் வெள்ளி ரூபாயில் வெள்ளியின் பங்கைச் சரிபாதிக்குக் குறைத்தார்கள். அதே ஆண்டு வந்த ஒரு ரூபாய் நோட்டில் ஒரு தந்திரம் இருந்தது. சட்டப்படி அது நோட்டு கிடையாது, காசு! காசுக்கு உரிய தகுதியை அந்தக் காகிதத்துக்கே கொடுத்துவிட்டார்கள். அதாவது இதைக் கொடுத்து வெள்ளி கேட்க முடியாது. இதுவே ரூபாய். அதில் கையெழுத்துப் போட்டவர் நிதித் துறையின் சி. ஈ. ஜோன்ஸ். இன்றைக்கும் ஒரு ரூபாய் நோட்டை எடுத்துப் பாருங்கள், கவர்னர் கையெழுத்து இருக்காது, நிதித் துறைச் செயலர் கையெழுத்துதான் இருக்கும், வாக்குறுதி வாசகமும் இருக்காது. 1940இன் அந்த முடிவு இன்னும் நம் சட்டைப் பையில் இருக்கிறது. ஜோன்ஸ் கையெழுத்திட்ட நோட்டு ஏராளமாகக் கிடைக்கும், சில நூறு ரூபாய்க்குள் சுமாரான ஒன்றை வாங்கலாம். புதிதாகச் சேகரிக்க வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

அதே போரில்தான் ஜப்பான் இந்தியப் பத்து ரூபாயை அசலைப் போலவே அச்சடித்தது. அதைச் சமாளிக்க நீர்க்குறியை மாற்றினார்கள். முன்பு ஆறாம் ஜார்ஜின் பக்கவாட்டு முகம் இருந்தது, பிறகு நேர் முகம். தாளுக்குள் பாதுகாப்பு இழை வந்ததும் அப்போதுதான், இந்திய நோட்டில் அதுவே முதல் முறை. டெய்லர் 1943இல் பதவியில் இருக்கும்போதே இறந்தார். அடுத்து வந்த சி. டி. தேஷ்முக் ரிசர்வ் வங்கியின் முதல் இந்தியக் கவர்னர். ஆங்கிலேய ராஜாவின் படத்துக்கு அடியில் ஓர் இந்தியரின் கையெழுத்து. இந்தப் பொருத்தமில்லாத ஜோடி, சுதந்திரத்துக்குப் பிறகும் சில காலம் சந்தையில் ஓடியது.

இனி விலை. எல்லாரும் கேட்பது இதுதான், அதனால் ஒளிக்காமல் சொல்கிறேன். பழசு என்பதற்காக மட்டும் ஒரு நோட்டு விலைபோகாது. எத்தனை மிஞ்சியிருக்கிறது, எந்தக் கையெழுத்து, எந்த வட்டம், எல்லாவற்றுக்கும் மேலே என்ன நிலையில் இருக்கிறது என்பதுதான் விலை. பெரிய மதிப்பு நோட்டுகள் அரிதாக இருப்பதற்கு ஒரு காரணம் 1946 ஜனவரியில் 500, 1,000, 10,000 ரூபாய் நோட்டுகளைச் செல்லாதவை ஆக்கியது. வைத்திருந்தவர்கள் மாற்ற ஓடினார்கள். ஐந்தாம் ஜார்ஜ் நூறு ரூபாய் போன்றவற்றில் வட்டத்தின் பெயரே அச்சாகியிருக்கும். சின்ன நோட்டுகளில் எண்ணோடு வரும் எழுத்தைப் பாருங்கள்: மதராஸ் என்ற சென்னைக்கு எம், ரங்கூனுக்கு ஆர், கராச்சிக்கு கே. ஒரே நோட்டு, ஒரே ராஜா, எழுத்து மாறினால் விலை மாறும்.

நிலை என்பதில் சந்தை மிகக் கறாரானது. யாரும் தொடாத நோட்டை யு.என்.சி. என்பார்கள். ஒரு மடிப்பு விழுந்தால் விலை சரசரவென்று இறங்கும். அதனால் மடிப்பை மறைக்கத் தண்ணீரில் நனைத்து இஸ்திரி போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட நோட்டைக் கையில் எடுத்தாலே தெரியும். சலசலப்பு இருக்காது, அச்சின் மேடு தட்டையாகியிருக்கும், தாள் ஓரம் மங்கலாக வெளுத்திருக்கும். விளக்குக்குப் பக்கவாட்டில் பிடித்தால் அழுத்திய மடிப்பு கோடாய்த் தெரியும். நோட்டுக் கட்டுகளில் ஊசி போட்டுக் குத்திய ஓட்டைகளை மட்டும் நம் ஊர்ச் சந்தை மன்னித்துவிடும், இந்திய நோட்டென்றால் ஓட்டை இருக்கும் என்று எல்லாரும் ஏற்றுக்கொண்டார்கள்.

இந்த அளவுகோலோடு எனக்கு ஒரு சண்டை உண்டு. பெட்டியிலிருந்து வெளியே வராத நோட்டு அழகானதுதான், அச்சுக் கலையைப் பார்க்க அதைவிட நல்லது கிடையாது. ஆனால் சுண்ணாம்புக் கறையும் நாலு மடிப்பும் பின்னால் பென்சிலில் எழுதிய கணக்கும் உள்ள நோட்டு வேலை செய்த நோட்டு. அது எங்கே போனது, யார் மடியில் இருந்தது என்று அந்தக் கறைகள் சொல்கின்றன. நான் விலைக்கு வாங்கும்போது வேண்டுமென்றே இரண்டாந்தர நிலையில் உள்ளதைத்தான் தேடுகிறேன். விலை குறைவு என்பதும் ஒரு காரணம், மறைக்கவில்லை.

பாதுகாப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், டெல்டாவில் இது பெரிய பாடு. அடைமழைக் காலத்தில் பீரோவுக்குள்ளேயே பூஞ்சை வரும். ராமபாணப் பூச்சியும் கரையானும் வேறு. மைலார் என்கிற தெளிவான உறையில் தனித்தனியாகப் போடுங்கள், மலிவான பி.வி.சி. ஆல்பம் சில வருடங்களில் பிசுபிசுத்து நோட்டைப் பிடித்துக்கொள்ளும். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் வைத்து மழைக்குப் பிறகு மாற்றுங்கள். ஓலைச்சுவடிக்கு வைத்தது போல வசம்பை நோட்டின் மேலேயே வைக்காதீர்கள், எண்ணெய் இறங்கும். செல்லோடேப் வேண்டாம். லேமினேஷன் வேண்டவே வேண்டாம்.

டெல்டாவில் நோட்டு தேடுகிறவனுக்கு இன்னொரு பாக்கியம் உண்டு, ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் இன்னொரு சாம்ராஜ்யம். காரைக்கால் 1954 நவம்பர் வரை பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த ஊர். பாண்டிச்சேரிக்கும் காரைக்காலுக்கும் நோட்டு வெளியிட்டது 1875இல் ஏற்பட்ட இந்தோசீனா வங்கி, வியட்நாமின் சைகோனில் வெளியிட்ட அதே வங்கி. அதன் ஐம்பது ரூபாய் நோட்டில் பாண்டிச்சேரியின் பழைய பிரெஞ்சு கவர்னர் டூப்ளே இருக்கிறார். ரூபாய் என்பதை ‘ரூப்பி’ என்று பிரெஞ்சில் எழுதியிருக்கும். நாகூரைத் தாண்டினால் சுங்கச் சாவடி, அந்தப் பக்கம் வேறு கொடி, வேறு கையெழுத்து, வேறு வாக்கு. காவிரித் தண்ணீர்தான் இரண்டு பக்கமும் பாய்ந்தது. காரைக்காலில் ஒரு பெரியவர் வீட்டில் ஒரு ரூப்பி நோட்டைப் பார்த்தேன், விலைக்குக் கேட்டேன், தர மறுத்துவிட்டார். மறுத்ததில் எனக்கு மகிழ்ச்சிதான்.

ஆனால் இந்தப் பக்கத்து வீடுகளில் கட்டுக் கட்டாகக் கிடைக்கும் காலனிக் கால நோட்டு ஆங்கிலேயருடையதும் இல்லை, பிரெஞ்சுக்காரருடையதும் இல்லை. ஜப்பானுடையது. நாகப்பட்டினம் துறைமுகத்திலிருந்து மலாயாவுக்குக் கப்பலேறியவர்கள் வீடுகளில் அது இருக்கும். 1942 முதல் 1945 வரை மலாயாவைப் பிடித்திருந்த ஜப்பானியர் அச்சடித்த டாலர் நோட்டு. பத்து டாலரில் வாழை மரம் குலை தள்ளி நிற்கும். அதனால் அதற்கு வாழைமர நோட்டு என்றே பெயர். எண்ணின் இடத்தில் மலாயாவைக் குறிக்கும் எம் எழுத்தோடு தொடங்கும் எழுத்துகள் மட்டும் இருக்கும். முதலில் வந்த சிலவற்றில்தான் முறையான எண் உண்டு, அவைதான் கொஞ்சம் அரிது. மற்றவை குவியல் குவியலாக இருக்கின்றன.

இரண்டு வருடம் முன்பு திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா சொல்லியனுப்பினார். போனேன். எழுபதைத் தாண்டியவர். மஞ்சள் பையிலிருந்து சணல் கயிறு கட்டிய ஒரு கட்டை எடுத்து வைத்தார்.

“தம்பி, பழைய நோட்டுக்கு லட்சக்கணக்குல தர்றாங்களாமே, என் பேரன் போன்ல காட்டினான். மொதல்ல நாமதான் கொஞ்சம் பணம் கட்டணுமாம்.”

“கட்டிட்டீங்களாம்மா?”

“இல்லப்பா. ஒங்களக் கேட்டுட்டுக் கட்டலாம்னு.”

கட்ட வேண்டாம் என்றேன். பழைய நோட்டுக்கும் காசுக்கும் கமிஷன் கேட்பவர்கள் ரிசர்வ் வங்கி பெயரையே சொல்லி ஏமாற்றுகிறார்கள், தாங்கள் அப்படி எதுவும் வாங்குவதில்லை என்று அந்த வங்கியே 2021இல் எச்சரித்திருக்கிறது. அதைச் சொன்னேன். உண்மையாக வாங்குகிறவர் உங்களிடம் முன்பணம் கேட்க மாட்டார் என்றும் சொன்னேன். பிறகு கட்டை அவிழ்த்தேன். வாழைமர நோட்டுகள், 46. எல்லாம் எழுத்து மட்டும் உள்ளவை. மடிப்பில் சில கிழிந்திருந்தன. எல்லாம் சேர்ந்து என்ன வரும் என்று சொல்வதற்கு நாக்கு வரவில்லை. கடைசியில் சொன்னேன்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அவருடைய அப்பா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். போர் முடிந்து திரும்பி வந்தபோது கொண்டுவந்தது இந்தக் கட்டு. “கவர்மென்டு ஒரு நாள் மாத்திக் குடுக்கும்” என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாராம். ஆங்கிலேயர் திரும்பி வந்ததும் இந்த நோட்டுகள் ஒன்றுமில்லாமல் போயின. அவருடன் வேலை செய்த இரண்டு பேர் போரில் ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில் பாதை வேலைக்குப் போய்த் திரும்பி வரவில்லை என்பதையும் சொன்னார்.

“இது அப்ப செல்லுச்சாப்பா? வாங்கும்போது?”

நோட்டை அவர் கையில் கொடுத்து அதில் இருந்த ஆங்கிலத்தைத் தமிழில் படித்துச் சொன்னேன். இதைக் கொண்டுவருபவர் கேட்டவுடன் பத்து டாலர் தருவதாக ஜப்பானிய அரசாங்கம் வாக்களிக்கிறது. அங்கே அப்போது அதுதான் செல்லுபடியாகும் பணம், வாங்க மாட்டேன் என்று சொல்ல அவருக்கு வழியில்லை என்றேன்.

“அப்ப அவரு ஏமாந்து வாங்கலை.”

“இல்லம்மா. வேலை செஞ்சு வாங்கினது.”

கையில் கொண்டுபோயிருந்த உறைகளில் கிழியாத பத்து நோட்டுகளைப் போட்டுக் கொடுத்தேன். மீதியைப் பழையபடி சணலில் கட்டினார். எனக்கென்று ஒன்றை நீட்டினார். முதலில் வேண்டாம் என்றேன், அப்புறம் வாங்கிக்கொண்டேன். உறைக்குள் ஒரு சீட்டு எழுதி வைத்தால் பேரப் பிள்ளைகளுக்குப் புரியும் என்று சொல்லி, என்ன எழுதட்டும் என்று கேட்டேன். மதிப்பு, வருஷம் என்று ஏதாவது சொல்வார் என நினைத்தேன்.

“எங்க அப்பா பேரு போடு. போன கப்பல் பேரு போடு.”

“எந்தக் கப்பலும்மா?”

“ரஜூலா.”

எழுதிக் கொடுத்தேன். எழுத்து பெரிதாக இல்லையென்று இன்னொரு முறை எழுதச் சொன்னார்.